நர்ஸம்மா ஏறிய பஸ்

ஆனந்தமேரி நர்ஸம்மாவின் மொபெட் அந்தப் புதன்கிழமை வாசலிலேயே நின்றது.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. துடைத்துத் துடைத்து நர்ஸம்மா அதைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். பெட்ரோல்தான் இல்லை.

அது 1990ஆம் வருஷம். எங்கோ கடலுக்கு அப்பால், வளைகுடா நாடுகளில் சண்டை மூண்டிருந்தது. அங்கே சண்டை வந்தால் இங்கே கச்சிராயபாளையத்தில் எதற்குப் பெட்ரோல் விலை ஏற வேண்டும்? நர்ஸம்மாவின் மகள் டயானாவுக்கு அது புரியவே இல்லை. ஆனால் ஏறிவிட்டது.

"இனிமே வண்டிய எடுக்க முடியாது" என்றார் அம்மா. "வண்டிக்குன்னு ஆபீஸ்ல குடுக்கறது அதே பணம்தான். பெட்ரோலு மட்டும் ஏறிக்கினே போவுது. போன வாரம் பங்க்குல 'ஸ்டாக் இல்லை'ன்னு பலகையே மாட்டிட்டாங்க."

"அப்போ ஓடைக்காட்டுக்கு எப்படிப் போவ?" தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்து கேட்டார் அப்பா ஆல்பர்ட்.

"பஸ்ஸுலதான்."

அம்மா இதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. பத்து வருஷமாக அவர் அந்த வண்டியில்தான் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு வந்தார். பஸ்ஸில் ஏறியே வெகுநாள் ஆகியிருந்தது.

"நானும் வர்றேம்மா" என்றாள் டயானா. "ஸ்கூலுதான் இல்லியே."

டயானா கள்ளக்குறிச்சியில் ஆறாம் வகுப்புப் படித்தாள். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஊர்வலம், மறியல் என்று கள்ளக்குறிச்சிச் சாலையில் பஸ்கள் சரியாக ஓடவில்லை. மலைப் பக்கம் போகிற பஸ் மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

"இட ஒதுக்கீடுன்னா இன்னாம்மா?" பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டாள் டயானா.

"படிப்புலயும் வேலையிலயும் எங்களுக்கும் இடம் குடுங்கன்னு கேக்கறாங்க."

"அதுக்கு எதுக்கு ரோட்ல உக்காரணும்?"

அம்மா சற்று யோசித்தார். "மெதுவா கேட்டா யார் காதுலயும் வுழலியாம். அதான்."

அம்மாவின் கையில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மருந்துக் குப்பிகள். வெயில் பட்டாலோ, சூடு ஏறினாலோ மருந்து கெட்டுப்போகும். தோளில் ஒரு பை. அதில் காலையிலேயே அவித்து எடுத்த ஊசிகள், பஞ்சு, குழந்தைகளின் பெயர் எழுதிய நோட்டு எல்லாம் இருந்தன.

எட்டு மணிக்கு வர வேண்டிய மலை பஸ் ஒன்பதே காலுக்கு வந்தது. உள்ளே நிற்கவும் இடமில்லை.

"பெட்டிய மேல போடு! லக்கேஜ் எல்லாம் மேல!" என்று கத்தினார் கண்டக்டர் கண்ணாயிரம். பருத்த மீசை, அதைவிடப் பருத்த குரல்.

"இது வெயில்ல இருக்கக் கூடாதுங்க. குழந்தைங்களுக்குப் போடற மருந்து" என்றார் அம்மா.

கூட்டத்தில் யாரோ ஒருவர், "ஐஸ் பெட்டிக்கும் இட ஒதுக்கீடு கேக்கறீங்களா நர்ஸம்மா?" என்றார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. அம்மாவுக்குக் காது சிவந்துவிட்டது. டயானாவுக்கும் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

கடைசியில், கூடையில் கோழிகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தார். நீலப் பெட்டி அவருடைய காலடியில் போயிற்று. கோழி ஒன்று கூடையிலிருந்து தலையை நீட்டிப் பெட்டியைக் கொத்திப் பார்த்தது. குளிர்ந்ததோ என்னவோ, சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

*

ஓடைக்காடு ஒரே ஊர் இல்லை. கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே மூன்று இடங்களில் பத்துப் பத்து வீடுகளாகச் சிதறிக் கிடந்தது. மொபெட் இருந்தவரை மூன்றையும் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். அதன் 'டர்ர்ர்' சத்தம் கேட்டதுமே தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இப்போது அம்மாவும் டயானாவும் வரப்பு வழியே நடந்தார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது. முதல் வீட்டில் பூட்டு. இரண்டாவது வீட்டிலும் பூட்டு. மூன்றாவது வீட்டு வாசலில் டயானாவின் வயதில் ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சந்தியா.

"அம்மா எங்க பாப்பா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"கரும்புல காஞ்ச சோகை உரிக்கப் போயிடுச்சு. தம்பியையும் தூக்கிக்கினு போயிடுச்சு" என்றாள் சந்தியா. "நீங்க வருவீங்கன்னு இம்மாம் நேரம் காத்துக்கினு இருந்துச்சு. வண்டிச் சத்தமே காணோம். லேட்டாப் போனா அரைக் கூலிதான். அதான் போயிடுச்சு."

பக்கத்து வீட்டிலிருந்து ஓர் இருமல் சத்தம் கேட்டது. சின்னக் குழந்தையின் இருமல். விடாமல், மூச்சு வாங்க வாங்க, கடைசியில் ஒரு கூவலோடு நின்றது. அம்மாவின் முகம் மாறியது. வேகமாக அந்த வீட்டுக்குள் போனார்.

வெளியே வந்தபோது அவர் நெற்றியில் வியர்வை.

"கக்குவான் இருமல்" என்றார். "இந்தக் குழந்தையப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். ஆனா இது ஒட்டிக்கிற நோய். மத்த குழந்தைங்களுக்கு வர்றதுக்கு முன்ன ஊசி போட்டாவணும்."

நோட்டில் பதினோரு குழந்தைகளின் பெயர் இருந்தது. அன்று நான்கு பேரைத்தான் பிடிக்க முடிந்தது. மூன்றாவது குடியிருப்புக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றினார். குதிகாலில் கொப்புளம். அதைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதாம்மா?"

"கால் வலிக்கல கண்ணு" என்றார் அம்மா. "அந்த ஏழு பேரு. அதான்."

*

அடுத்த இரண்டு நாளும் டயானா அதையே யோசித்தாள்.

தாய்மார்கள் வரமாட்டோம் என்று சொல்லவில்லை. காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எப்போது வருவார் என்று தெரியாததுதான் தொல்லை. பஸ் எட்டு மணிக்கும் வருகிறது, ஒன்பதரைக்கும் வருகிறது. மறியல் இருந்தால் வராமலும் போகிறது. அவர்கள் எவ்வளவு நேரம் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்?

மொபெட் வருவதை அதன் சத்தம் சொல்லிவிடும். பஸ் வருவதைச் சொல்ல என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலை, மலை பஸ்ஸின் டிரைவர் சின்னக்கண்ணு கச்சிராயபாளையம் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டயானா அவர் முன்னால் போய் நின்றாள்.

"டிரைவர் மாமா, ஒரு உதவி."

"இன்னா பாப்பா?"

"புதன்கிழமை எங்கம்மா உங்க பஸ்ஸுல ஓடைக்காட்டுக்கு வருவாங்க. அன்னிக்கி மட்டும் மூணு தடவ நீளமா ஹாரன் அடிக்கிறீங்களா? அதக் கேட்டுட்டு எல்லாரும் குழந்தைங்களத் தூக்கிக்கினு நிறுத்தத்துக்கு வந்துடுவாங்க."

டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் ஆவாது. பஸ்ஸ ஆஸ்பத்திரி மணியாக்கப் பாக்கறியா? கண்ட இடத்துல ஹாரன் அடிச்சா டெப்போல என்னைத்தான் கேப்பாங்க."

டயானா நகரவில்லை.

"கண்ட இடத்துல இல்ல மாமா. ஓடைக்காட்டுக்கு முன்ன ஒரு வளைவு இருக்குதில்ல? அங்க 'ஒலி எழுப்பவும்'னு போர்டே வச்சிருக்காங்க. எப்படியும் நீங்க அங்க அடிச்சுத்தானே ஆவணும்?"

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கண்டக்டர் கண்ணாயிரத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மீசை குலுங்கியது.

"அண்ணே, பாப்பா உனக்கே ரூல்ஸ் சொல்லுது!"

"சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார் டிரைவர். "அது சொல்றதும் சரிதானே. ஒண்ணு அடிக்கிற எடத்துல மூணு. ஆனா ஹாரனக் கேட்டு வரணும்னு அந்த ஊரு சனத்துக்கு யாரு சொல்றது?"

"நான்தான்" என்றாள் டயானா. "இப்பவே வர்றேன். அம்மாகிட்ட கேட்டுட்டேன்."

அன்று அவள் பஸ்ஸின் முன்னால், டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். வளைவு வந்தது. சின்னக்கண்ணு கையை நீட்டி, ஹாரனின் கறுப்பு ரப்பர் பந்தை அழுத்தினார்.

"பாஆஆஆம்... பாஆஆஆம்... பாஆஆஆம்..."

சத்தம் கரும்புத் தோகைகளின் மேல் உருண்டு போனது. கொக்குகள் எழுந்து பறந்தன. எங்கோ ஒரு மாடு பதில் சொன்னது.

பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் ஓடைக்காட்டுப் பிள்ளைகள் எல்லாம் என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். முதலில் வந்தவள் சந்தியா.

"இன்னா ஆச்சு? பஸ்ஸு மோதிடுச்சா?"

"இல்ல சந்தியா. இந்த ஹாரன நல்லா ஞாபகம் வச்சுக்கோ" என்றாள் டயானா. "புதன்கிழமை இதே மாதிரி மூணு தடவ கேட்டா நர்ஸம்மா வந்துட்டாங்கன்னு அர்த்தம். அம்மாங்ககிட்ட சொல்லணும். கொல்லையில இருந்தாலும் சத்தம் கேக்கும். தம்பியத் தூக்கிக்கினு நேரா ரோட்டுக்கு வந்தாப் போதும். ஊசி போட்டுக்கினு உடனே வேலைக்குத் திரும்பிடலாம்."

ஒரு சின்னப் பையன் கவலையோடு கேட்டான்: "எனக்கும் ஊசி போடுவாங்களா?"

"இல்ல. கைக்குழந்தைங்களுக்கு மட்டுந்தான்."

"அப்போ நான் சொல்றேன்!" என்று அவன் சந்தோஷமாகக் குதித்தான்.

*

புதன்கிழமை வந்தது.

பஸ் அன்று எட்டரைக்கே வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் கண்ணாயிரம், "வாங்க நர்ஸம்மா" என்று பெட்டியை வாங்கி, தன் இருக்கைக்கு அடியில் நிழலாக வைத்தார். டயானா அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வாய்க்கால் பாலத்தில் பஸ் நின்றது.

பாலத்தின் மேல் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கொடிகள். சாலைக்குக் குறுக்கே ஒரு கட்டை வண்டி. "ஒதுக்கீடு எங்கள் உரிமை!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

"மறியல்" என்றார் டிரைவர். இன்ஜினை நிறுத்திவிட்டார். "மத்தியானம் வரைக்கும் வுடமாட்டாங்க."

வளைவுக்கு இன்னும் முக்கால் மைல் இருந்தது. அதைத் தாண்டித்தான் ஓடைக்காடு.

அம்மா எழுந்தார். "நான் நடந்தே போயிடறேன்."

"காலு இன்னும் ஆறலியேம்மா" என்றாள் டயானா. "அதுவுமில்லாம, நீ நடந்து போயிச் சேர்றதுக்குள்ள அவங்க எல்லாம் கொல்லையில எங்கெங்கியோ போயிடுவாங்க. ஹாரன் கேட்டாத்தானே வருவாங்க?" அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "மாமா, இங்கேர்ந்து அடிச்சா ஓடைக்காட்டுக்குக் கேக்குமா?"

"காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது. கேக்கும்" என்றார் சின்னக்கண்ணு. "ஆனா நான் அடிக்க மாட்டேன் தாயி. மறியல்ல உக்காந்திருக்கிறவங்க மூஞ்சிக்கு நேரா ஹாரன் அடிச்சா, எழுந்து போடான்னு சொல்ற மாதிரி ஆயிடும். சண்டை வந்துடும்."

அது நியாயமாகத்தான் பட்டது டயானாவுக்கு. யாராவது உட்கார்ந்து பேசும்போது காதுக்குள் ஹாரன் அடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"அப்போ கேட்டுட்டு அடிக்கலாம்" என்றாள்.

"யார்கிட்ட?"

"அவங்ககிட்டதான்."

அம்மா அவள் தோளைப் பிடித்தார். "நானும் வர்றேன்."

இருவரும் இறங்கிப் பாலத்துக்குப் போனார்கள். கோஷம் நின்றது. ஐம்பது ஜோடிக் கண்கள் அவர்களைப் பார்த்தன. முன்வரிசையில் கொடி பிடித்திருந்தவர் எழுந்தார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும்.

"பஸ்ஸ வுட முடியாதுங்க நர்ஸம்மா" என்றார். "எங்க நெலமையக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். எங்க புள்ளைங்களுக்காகத்தான் உக்காந்திருக்கோம்."

"பஸ்ஸ வுடச் சொல்லலீங்க" என்றாள் டயானா. "நீங்க உக்காந்திருங்க. ஹாரன் மட்டும் மூணு தடவ அடிச்சுக்கலாமான்னு கேக்க வந்தோம்."

"ஹாரனா? எதுக்கு?"

"ஓடைக்காட்டுல கக்குவான் இருமல் வந்திருக்குது. ஏழு குழந்தைங்களுக்கு இன்னும் ஊசி போடல. ஹாரன் சத்தம் கேட்டா அவங்க அம்மாங்க தூக்கிக்கினு வருவாங்க. உங்களத் திட்டறதுக்கு அடிக்கறாங்கன்னு நெனச்சுடாதீங்க. அதான் முன்னாடியே சொல்லிடலாம்னு."

கொடி பிடித்தவர் அம்மாவைப் பார்த்தார். "அந்த ஏழு பேருல..." என்று மெதுவாகக் கேட்டார், "தமிழரசன் பச்சையம்மாள் கொழந்த பேரு இருக்குதாங்க?"

அம்மா நோட்டைப் புரட்டினார். "இருக்குது. அஞ்சு மாசம். ஆண் குழந்தை. அக்கா பேரு சந்தியா."

"நான்தாங்க தமிழரசன். மறியல்னு நாலு நாளா வூட்டுக்கே போவலீங்க."

அவர் கொடியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"டிரைவரண்ணே! அடிங்க!"

"பாஆஆஆம்... பாஆஆஆம்... பாஆஆஆம்..."

எல்லோரும் ஓடைக்காட்டுப் பக்கம் பார்த்தார்கள். கரும்புத் தோகை காற்றில் ஆடியது. வேறு எதுவும் அசையவில்லை.

"கேக்கலியோ?" என்றார் ஒருவர்.

"இன்னொரு தடவ அடிங்க!" என்றார் இன்னொருவர்.

சின்னக்கண்ணு மறுபடியும் அடித்தார். அதோடு மறியலில் இருந்த நாலைந்து பேர் எழுந்து, கைகளைக் குவித்து, "நர்ஸம்மா பாலத்தாண்ட இருக்காங்கோஓஓ!" என்று கத்தினார்கள். காலையிலிருந்து கோஷம் போட்டுப் பழகிய குரல்கள். அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்திருக்கும்.

முதலில் வரப்பின் மேல் ஒரு சிவப்புப் புடவை தெரிந்தது. அப்புறம் ஒரு பச்சை. பிறகு மஞ்சள். கரும்புக் கொல்லைக்குள்ளிருந்து, ஒருவர் பின் ஒருவராகத் தாய்மார்கள் இடுப்பில் குழந்தைகளோடு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சந்தியா ஓடி வந்தாள்.

"அன்னிக்கி வளைவுலதானே அடிச்சாங்க?" மூச்சு வாங்கியபடி டயானாவிடம் கேட்டாள். "ஹாரன் இந்தப் பக்கம் கேட்டுச்சா, அதான் எல்லாரையும் இப்படிக் கூட்டிக்கினு வந்தேன்!"

அடுத்த ஐந்து நிமிஷத்தில் பாலமே மாறிப்போனது. குறுக்கே நின்ற கட்டை வண்டி அம்மாவுக்கு மேஜையாயிற்று. பஸ்ஸில் வந்த பெரியவர் ஒருவர் பெட்டிக்குக் குடை பிடித்தார். மறியல்காரர்கள் பாலத்தோரம் இருந்த புங்க மரத்து நிழலை விட்டு எழுந்து, வெயிலுக்கு நகர்ந்துகொண்டார்கள்.

"நீங்க இங்க உக்காருங்கம்மா. கொழந்தைக்கு வெயிலு ஆவாது."

டயானா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். அம்மா ஊசி போட்டார், வாயில் சொட்டு மருந்து விட்டார். ஒரு குழந்தை வீறிட்டால் அதைப் பார்த்து அடுத்ததும் வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் கோஷத்தைவிட அந்தச் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

பச்சையம்மாளின் முறை வந்தபோது அவர் குழந்தையைக் கணவரிடம் நீட்டினார். "நீங்க புடிங்க. நான் ஓடியாந்ததுல கையெல்லாம் நடுங்குது."

தமிழரசன் குழந்தையை வாங்கி, நர்ஸம்மா சொன்னபடி அதன் காலைப் பிடித்துக்கொண்டார். ஊசியைப் பார்த்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஊசி போட்டு முடிந்து, குழந்தை அழுது, அழுகையும் நின்றுவிட்டது. அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சுங்க" என்றார் அம்மா.

"இன்னாங்க இது?" என்றார் பச்சையம்மாள். "காலையிலேர்ந்து அம்மாம் சத்தம் போட்டீங்களாம். ஒரு ஊசிக்கு இப்படி ஆயிட்டீங்களே!"

மறியலும் சிரித்தது, பஸ்ஸும் சிரித்தது. தமிழரசனும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

நோட்டில் இருந்த ஏழு பெயருக்கும் நேராக டயானா டிக் போட்டாள். பிறகு பார்த்தால், நோட்டில் பெயரே இல்லாத இரண்டு குழந்தைகள் வரிசையில் இருந்தன. வேலைக்காக மலையிலிருந்து இறங்கி வந்து, கொல்லையோரம் குடிசை போட்டிருந்தவர்களின் பிள்ளைகள்.

"ஹாரன் கேட்டுச்சு. எல்லாரும் ஓடினாங்க. நாங்களும் வந்தோம்" என்றார் ஒரு தாய், தயங்கித் தயங்கி. "எங்களுக்கும் உண்டுங்களா?"

"எல்லாருக்கும் உண்டு" என்றார் அம்மா. "டயானா, பேரு எழுதிக்கோ."

*

மறியல் பன்னிரண்டரைக்கு முடிந்தது. கட்டை வண்டியைத் தள்ளி வழிவிட்டு, "போய்ட்டு வாங்க" என்று கையசைத்தார்கள். பஸ் மலைக்குப் போனது. அது திரும்பி வரும்வரை அம்மாவும் டயானாவும் சந்தியாவின் வீட்டில் இருந்தார்கள். இருமிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் தேறி வருகிறதாம். அம்மா அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மூன்று மணிக்குப் பஸ் இறங்கி வந்தது. இந்த முறை உட்கார இடம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் டயானா, பக்கத்தில் அம்மா, அம்மாவின் மடியில் நீலப் பெட்டி.

"பெட்ரோல் வெல கொறஞ்சா மறுபடியும் வண்டியில போவியாம்மா?" என்று கேட்டாள் டயானா.

"போவலாம்" என்றார் அம்மா. பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஆனா இன்னிக்கி நான் வண்டியில வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேன் தெரியுமா? மறியலப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிருப்பேன்" என்றார்.

டயானா பதில் சொல்வதற்குள் அம்மாவின் தலை அவள் தோளில் சாய்ந்தது. வெளியே கரும்புக் கொல்லைகள் பின்னால் ஓடின. காற்று முகத்தில் அடித்தது. அம்மா தூங்கியே போய்விட்டார். பத்து வருஷத்தில் வேலைக்குப் போய்த் திரும்புகிற வழியில் அவர் தூங்கியது இதுதான் முதல் தடவை.

கண்ணாயிரம் டிக்கெட் கொடுக்க வந்தார். டயானா விரலை உதட்டில் வைத்தாள். அவர் தலையாட்டி, டிக்கெட்டைச் சத்தமில்லாமல் கிழித்துக் கொடுத்தார்.

அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடிந்ததும், வழக்கம்போல விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பஸ்ஸின் தகரத்தை இரண்டு விரலால் மெல்லத் தட்டினார்.

பஸ் கிளம்பியது.